அடங்கிய வகுப்பறை நலமான வகுப்பறை அல்ல

பள்ளிப் பிள்ளைகளின் பொருத்தப்பாடின்மை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் இரண்டாம் பத்தி, அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனச்சிக்கல் என்ற ஒன்று இருந்ததே இல்லை என்கிறது. அதே கட்டுரையின் ஏழாம் பத்தி, அந்தக் காலத்து வாத்தியாரின் பிரம்பு பிள்ளைகளின் மனக்கோணலை நிமிர்த்தி வைத்தது என்கிறது. இல்லாத கோணலைப் பிரம்பு எப்படி நிமிர்த்தியது? நிமிர்த்த வேண்டிய கோணல் இருந்ததென்றால், இருந்ததே இல்லை என்ற இரண்டாம் பத்தி யாரை நம்பவைக்க எழுதப்பட்டது? ஐந்து பத்திக்குள் தன் காலைத் தானே வாரிக்கொள்ளும் எழுத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதியவர் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுப்பவர். அவர் சொன்னதை நம்பும் ஒருவர் நாளைக் காலை நாற்பது பிள்ளைகளின் முன் போய் நிற்கப்போகிறார். அதனால் இந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் இருப்பது தப்பு.

அவருடைய வாதங்களை வரிசையாகவே எடுத்துக்கொள்வோம். செல்போன் வந்த பிறகுதான் பிள்ளைகள் கெட்டார்கள். கெட்டுப்போவதற்குக் காரணம் பிள்ளையின் சுபாவமும் பெற்றோரின் வளர்ப்பும். அடக்கமான பிள்ளையே நலமான பிள்ளை. ஆய்வு எண்களும் அதைத்தான் சொல்கின்றன. பிரம்பைப் பிடுங்கியதால்தான் ஒழுக்கம் போயிற்று. எப்படியும் உலகம் மாறப்போவதில்லை, பிள்ளைதான் வளைந்துகொடுக்கக் கற்க வேண்டும். ஆறு வாதங்கள். ஆறையும் தாங்கி நிற்கும் தூண் ஒன்றே: குற்றம் எப்போதும் பிள்ளையிடம், பள்ளியிடம் ஒருபோதும் இல்லை.

செல்போனிலிருந்து தொடங்குவோம். சிரில் பர்ட்டை லண்டன் கல்வி நிர்வாகம் உளவியலாளராக அமர்த்தியது 1913-இல். பள்ளிப் பிள்ளைகளின் மனச்சிக்கலைப் பார்க்கத் தனியே ஓர் ஆள் தேவை என்று ஒரு மாநகரம் அன்றே உணர்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம். மாணவர்களின் பொருத்தப்பாட்டை அளக்க ஹியூ பெல் வினாப்பட்டியல் வெளியிட்டது 1934-இல். திருட்டில் பிடிபட்ட 44 சிறார்களை ஆராய்ந்து, தாயைப் பிரிந்த இளமையின் சுவடுகளை ஜான் பௌல்பி காட்டியது 1944-இல். இந்தப் பிள்ளைகளில் யார் கையில் தொடுதிரை இருந்தது? இரவு இரண்டு மணிவரை செல்போன் பார்க்கும் பிள்ளையின் தூக்கமும் கவனமும் கெடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் ஆராய்ந்துவரும் ஒன்றை நேற்று வந்த கருவியின் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

சீமைக் கதை நமக்கெதற்கு என்பாரானால், நம் ஊருக்கே வருவோம். அவர் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ளும் அந்தக் காலத்துப் பிள்ளை எங்கே போனான்? மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட வராமல் தினமும் குட்டு வாங்கியவன் மாடு மேய்க்கப் போனான். வாத்தியாருக்குப் பயந்து ரயிலேறியவன் பம்பாய் ஓட்டலில் மேசை துடைத்தான். பெண்பிள்ளை வயசுக்கு வந்ததும் வீட்டோடு நின்றாள். பள்ளிக்குப் பொருந்தாதவர்களையெல்லாம் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, உள்ளே மிஞ்சியவர்களை மட்டும் எண்ணி, பார், எல்லாரும் பொருந்தியிருந்தார்கள் என்று சொல்வதற்குப் பெயர் வரலாறா? இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குள் இருக்கிறார்கள். சிக்கல் புதிதாக முளைக்கவில்லை. சிக்கலோடு வருகிற பிள்ளை முதன்முதலாக வகுப்பறைக்குள் உட்கார இடம் பெற்றிருக்கிறது. அதைக் கெட்ட காலம் என்று அழைப்பவரின் மனத்தில் எந்தக் காலம் நல்ல காலமாக இருக்கிறது என்று வாசகரே ஊகிக்கலாம்.

இரண்டாவது வாதத்தில் அவர் கல்வி உளவியலின் முதல் பாடத்தையே தவறவிடுகிறார். பொருத்தப்பாடு இரண்டு தரப்புக்கு இடையிலுள்ள உறவு. பிரிட்டனில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையொட்டி 1945-இல் வந்த விதிகள், பொருத்தப்பாடில்லாத மாணவர் என்று ஒரு வகையை உண்டாக்கின. அந்த வகையை ஆராய்ந்து 1955-இல் அறிக்கை தந்த அண்டர்வுட் குழு, இது நோயின் பெயர் இல்லை, குறிப்பிட்ட ஒரு நேரத்தில் ஒருவருக்கும் அவரைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கும் சூழ்நிலைக்கும் உள்ள உறவைச் சொல்வது என்று தெளிவாக எழுதியது. 1978-இல் வார்னாக் குழு இப்படிப் பிள்ளைகளை வகைபிரித்துப் பெயர் சூட்டுவதையே கைவிடச் சொன்னது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்தும் முடித்தது. பெயரைக் கண்டுபிடித்தவர்களே வேண்டாமென்று கீழே போட்டதை நம்முடைய கட்டுரையாளர் எடுத்துத் துடைத்துப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுகிறார்.

பிள்ளைதான் காரணம் என்றால், ஒரே மாதிரியான பிள்ளைகள் ஒரு பள்ளியில் தழைத்து இன்னொரு பள்ளியில் வாடுவது ஏன்? மைக்கேல் ரட்டரும் குழுவினரும் லண்டனின் 12 மேல்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட ‘பதினைந்தாயிரம் மணி நேரம்’ என்ற நூலின் சாரமே இதுதான். பிள்ளைகள் சேரும்போதே கொண்டுவந்த வேறுபாடுகளைக் கழித்த பிறகும், வருகை, நடத்தை, தேர்ச்சி மூன்றும் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டன. கட்டடத்தின் வயதோ வளாகத்தின் பரப்போ அதற்குக் காரணமாகவில்லை. பாடம் ஒழுங்காகத் தொடங்கியதா, பாராட்டு கிடைத்ததா, பிள்ளைகளை நம்பிப் பொறுப்பு கொடுத்தார்களா என்பவையே கணக்கில் வந்தன.

நான் பார்வையிடப் போன ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பாடவேளை முழுக்க வராந்தாவில் முட்டிபோட்டிருந்தான். வகுப்பாசிரியர் தந்த விவரம் மூன்றே சொல்: தாமதம், அலட்சியம், எதிர்ப்பேச்சு. பையனின் விரலிடுக்குகளில் வாழைநார்க் கறை. அம்மா விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறாள். இவன் எழுந்து மிச்சப் பூவைக் கட்டி முடித்து, தங்கையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவருகிறான். அங்கன்வாடிக் கதவு திறக்கும்போது பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்திருக்கும். ஏன் லேட் என்று கேட்டால் பதில் சொல்வான், பதில் சொன்னால் எதிர்ப்பேச்சு, சொல்லாவிட்டால் அலட்சியம். தன் வீட்டின் தேவைக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்ததால்தான் அவன் பள்ளியின் மணிக்குப் பொருந்தாமல் போனான். இந்தப் பையனின் சுபாவத்தில் என்ன கோளாறு? அந்தத் தாயின் வளர்ப்பில் என்ன குறை? முதல் மணியில் வருகைக்குப் பதினைந்து நிமிடம் விட்டுக்கொடுத்தால் தீர்ந்துபோகிற ஒன்றுக்கு, முட்டி தேய ஒரு வருஷத் தண்டனை. கட்டுரையாளரின் கணக்கில் இவன் பொருத்தப்பாடில்லாதவன். என் கணக்கில் பொருந்தாமல் இருந்தது அந்தப் பள்ளி.

அடக்கமான பிள்ளையே நலமான பிள்ளை என்ற மூன்றாவது வாதம்தான் ஆறிலும் ஆபத்தானது. பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது தனியாள் ஆய்வு என்று ஓர் ஏடு எழுதித்தர வேண்டும். அந்த ஏடுகளைத் திருத்துவது என் வேலையின் ஒரு பகுதி. பிளாஸ்டிக் உறை போட்ட பழுப்பு அட்டை, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புகள். பிரச்சினை: வகுப்பில் பேசுகிறான், வீட்டுப்பாடம் முடிப்பதில்லை, அடுத்தவனை அடிக்கிறான். தீர்வு: அறிவுரை வழங்கப்பட்டது. முடிவு: மாணவன் திருந்தினான். ஏடு மாறினாலும் ஆள் மாறுவதில்லை. கடைசி பெஞ்ச், சத்தம் போடும் பையன். இடைவேளையில் யாரோடும் சேராமல் சுவரோரம் நிற்கும் சிறுமி, கேள்வி கேட்டால் உதடு நடுங்குகிறவள், எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை அழிப்பவள், எந்த ஏட்டிலும் வருவது அபூர்வம். அவளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் கேட்டால் ஒரே பதில்: நல்ல பிள்ளை, தொந்தரவே கிடையாது.

இந்தக் குருட்டுத்தனத்தை 1928-லேயே விக்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அம்பலப்படுத்திவிட்டார். பிள்ளைகளின் ஐம்பது நடத்தைகளைப் பட்டியலிட்டு, எது எவ்வளவு கடுமையானது என்று 511 ஆசிரியர்களிடமும் 30 மனநல நிபுணர்களிடமும் கேட்டார். ஆசிரியர்கள் உச்சியில் வைத்தவை திருட்டு, கீழ்ப்படியாமை, பள்ளிக்கு மட்டம் போடுவது போன்றவை. நிபுணர்கள் உச்சியில் வைத்தவை ஒதுங்கிப்போதல், அச்சம், மனச்சோர்வு, எதிலும் சந்தேகம். ஆசிரியர்கள் அடியில் தள்ளிய கூச்சமும் ஒதுக்கமும் நிபுணர் பட்டியலில் மேலே இருந்தன. ஆசிரியர்களிடம் இன்றைய தொந்தரவையும் நிபுணர்களிடம் நாளைய விளைவையும் கேட்டது சமமான கேள்வியாகுமா என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். சரியான குறைதான். அந்தக் குறையே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது: பாடம் நடத்தும் அவசரத்தில் இருப்பவரின் கண் தனக்கு எது இடைஞ்சலோ அதைத்தான் பார்க்கும், பிள்ளைக்கு எது ஆபத்தோ அதைப் பார்க்க அந்தக் கண்ணைப் பழக்க வேண்டும். கட்டுரையாளரோ பழக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, அமைதியாக இருப்பவரை விட்டுவிடுங்கள், அவர்கள் நலம் என்று கண்ணைக் கட்டிவிடுகிறார்.

கட்டிய கண்ணுக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியுமா? நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று நான்கு பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் தற்கொலையில் இறந்த மாணவர்கள் 13,000-க்கும் மேல். அப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் பள்ளித் தரப்பிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம்: ரொம்ப அமைதியான பிள்ளை, இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை. நினைக்கவிடாமல் செய்தது எது? அமைதியை நலமாக எண்ணும் இந்த மூடநம்பிக்கைதான்.

நான்காவதாக அவர் எண்களை அடுக்குகிறார். கிராமப் பிள்ளைகளுக்கும் நகரப் பிள்ளைகளுக்கும் பொருத்தப்பாட்டு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு, அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு. எம்.எட். ஆய்வேடுகளைப் புரட்டிய எவருக்கும் இந்த வாக்கியங்கள் மனப்பாடம். சின்ஹாவும் சிங்கும் உருவாக்கிய பள்ளி மாணவர் பொருத்தப்பாட்டு வினாப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: மனவெழுச்சி, சமூகம், கல்வி என்று மூன்று துறை, அறுபது கேள்வி, ஆம் அல்லது இல்லை. வகுப்பாசிரியர் மேற்பார்வை பார்க்க, பெயரும் வகுப்பும் எழுதிய தாளில், உன் ஆசிரியர் மேல் உனக்குக் கோபம் வருமா என்ற ரீதியில் கேட்டால் எந்தப் பிள்ளை ஆம் என்று டிக் அடிக்கும்? பயந்த பிள்ளை பயத்தாலேயே நல்ல மதிப்பெண் வாங்கும். தைரியமாக உண்மையைச் சொன்ன பிள்ளை பொருத்தப்பாடில்லாத பிள்ளை ஆகிவிடும். கருவியின் எல்லையை அறிந்து, பிள்ளையோடு பேசத் தொடங்க ஒரு வாசலாக அதைப் பயன்படுத்துபவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன். மதிப்பெண்ணையே தீர்ப்பாக வாசித்து, அந்தத் தீர்ப்பிலிருந்து பிள்ளையின் சுபாவத்துக்குத் தாவுகிறவர் புள்ளியியலையும் படிக்கவில்லை, பிள்ளையையும் படிக்கவில்லை.

பிரம்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடைசெய்தார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடலுக்குத் தரும் தண்டனையோடு மனத்துன்பத்தையும் சேர்த்துத் தடுத்தது. அந்தச் சட்டம் வருமுன் பிள்ளைகள் எவ்வளவு அடிவாங்கினார்கள்? மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூவரில் இருவர் பள்ளியில் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். பிரம்பில்லாத தலைமுறை என்று அவர் புலம்பும் தலைமுறை அடிவாங்கிக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறது. அடிதான் மருந்து என்றால், இவ்வளவு மருந்து உண்டும் நோய் ஏன் தீரவில்லை? மருந்தே நோயின் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லையே, ஏன்?

அடியாத மாடு படியாது என்று அவர் பழமொழியில் தஞ்சம் புகுகிறார். கர்ட் லெவினும் லிப்பிட்டும் ஒயிட்டும் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு விதத் தலைமையின் கீழ் வேலை செய்யவிட்டு 1939-இல் வெளியிட்ட முடிவை அவர் வகுப்பிலேயே பாடமாக நடத்தியிருப்பார். அதிகாரம் செலுத்தும் தலைவரின் கீழ்ச் சில குழுக்கள் முரட்டுத்தனத்தில் வெடித்தன, சில உயிரற்று அடங்கின. தலைவர் அறையைவிட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. சேர்ந்து பேசி முடிவெடுத்த குழுவில், தலைவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. பிரம்பு தருவது கண்முன் நிற்கும் ஒழுக்கம். ஆசிரியர் முதுகைத் திருப்பியதும் அது போய்விடும். அதைக் குணம் என்று நினைத்துக்கொள்ளும் ஆசிரியரைப் பிள்ளைகள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

கடைசி வாதம், உலகம் இப்படித்தான், பிள்ளை அனுசரித்துப் போகக் கற்க வேண்டும் என்பது. கேட்க இதமாக இருக்கும் இந்த வாக்கியத்துக்கு ஒரு முன்னோர் உண்டு. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், எஜமானரிடமிருந்து தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டுபிடித்து, அதற்கு டிரேப்டோமேனியா என்று பெயரும் சூட்டினார். அவர் எழுதித் தந்த சிகிச்சைகளில் சவுக்கடியும் ஒன்று. அடிமைத்தனத்துக்குப் பொருந்தாதவனை நோயாளி என்றது அன்றைய மருத்துவம். 1967-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் மார்ட்டின் லூதர் கிங், நிறவெறிக்கும் மதவெறிக்கும் நாம் ஒருபோதும் பொருந்திப்போகக் கூடாது என்றும், படைப்பூக்கமுள்ள பொருந்தாமை உலகுக்குத் தேவை என்றும் உளவியலாளர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். சதாராவில் பள்ளிப் பிள்ளையாக, வகுப்பின் மூலையில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச்சாக்கின் மேல் உட்கார்ந்த அம்பேத்கரிடம் ஒரு பொருத்தப்பாட்டு வினாப்பட்டியலைக் கொடுத்திருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும்? அந்த வகுப்புக்கு அவர் அனுசரித்துப் போயிருந்தால் இந்த நாட்டுக்கு என்ன ஆகியிருக்கும்?

இது பழங்கதையும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கையில் கயிறு கட்டிய மாணவனைக் கட்டுரையாளரின் அளவுகோலால் அளந்து பாருங்கள். அவன் வீட்டுக்குப் பொருந்தியிருக்கிறான், தெருவுக்குப் பொருந்தியிருக்கிறான், கூட்டாளிகளுக்குப் பொருந்தியிருக்கிறான், பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவன். அந்தக் கயிறு எனக்கு வேண்டாம் என்று கழற்றி எறிகிற பையன்தான் தனித்து நிற்கிறான், அடிவாங்குகிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை, பள்ளிக்கு வர மறுக்கிறான். இவர்களில் யாரைத் திருத்தப்போகிறார் நம் கட்டுரையாளர்? எதற்குப் பொருந்துவது என்ற கேள்வியைக் கேட்காத பொருத்தப்பாட்டு உளவியல், அநீதிக்குப் பிள்ளை பிடித்துக்கொடுக்கும் வேலையைத்தான் செய்யும்.

இத்தனை ஓட்டைகளோடு ஒரு படித்தவர் ஏன் இப்படி எழுதுகிறார் என்ற கேள்விக்கு விடை அவருடைய கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பள்ளிகள் தம் மாணவர்களை ஒழுக்கப் பயிற்சி முகாம்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அது முடிகிறது. அத்தகைய முகாம்களைக் கட்டணம் வாங்கி நடத்துபவர் அவரே என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. பக்கத்தின் அடியிலுள்ள கட்டுரையாளர் அறிமுகம் சொல்லிவிடுகிறது. குற்றம் பள்ளியிடம் இருந்தால் பள்ளி மாற வேண்டும். அதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. குற்றம் பிள்ளையிடம் என்றால்தான் பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்க முடியும். ஆறு வாதங்களும் ஏன் ஒரே திசையில் சாய்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, எந்தப் பிள்ளையின் குரலை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று பாருங்கள். அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பாடம் சாராத ஒரு பேச்சுப் பேசுங்கள். தாமதமாக வருபவனை வெளியே நிறுத்துமுன், காலையில் என்ன வேலை செய்துவிட்டு வருகிறான் என்று கேளுங்கள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். முகாமுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் பிள்ளைகளோடு பேச முழுநேர ஆலோசகர் எங்கே என்று கேளுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் சுவரில் எழுதிவைத்ததோடு கடமை முடிந்தது என்று எந்தப் பள்ளியும் சொல்ல விடாதீர்கள். பிள்ளை பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எதற்குப் பொருந்தவில்லை என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்பு எழுதத் தகுதி இல்லை.